பொய்த் தொட்டியும் மெய்க் கிக்கரும்

கேள்வி: ஹோண்டா கோல்ட் விங் என்னும் சுகப் பிரயாண மோட்டார் சைக்கிளின் வேகம் என்ன? அதற்கு ரிவர்ஸ் கியர் உண்டென்பது மெய்தானா?

பதில்: வேகத்தை விளம்பரக்காரர்கள் வேண்டிய மட்டும் சொல்வார்கள், நாம் வண்டியின் வயிற்றைப் பார்ப்போம். 1974-இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில், 999 சி.சி. எஞ்சினோடு அது முதன்முதலில் காட்சியளித்தபோது, முழங்கால்களுக்கு நடுவே கம்பீரமாக வீற்றிருந்த பெட்ரோல் தொட்டியைக் கண்டு மயங்கியவர்கள் அனைவரும் ஏமாந்தவர்களே. ஏனெனில், பாரம் தாழ்ந்திருந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும் என்ற நியாயத்தை முன்னிட்டு, பெட்ரோலை ஸீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, ஜனங்களின் பழக்கதோஷத்துக்காக மேலே ஒரு பொய்த் தொட்டியை வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால், மின்சார உபகரணங்களின் அருகே, கழற்றி வைத்த கிக்கர் ஒன்று சயனித்திருக்கும்! பாட்டரி கைவிட்டாலும் கால் கைவிடாது என்ற அந்த முன்யோசனையைப் பின்னால் வந்தவர்கள் உதறிவிட்டார்கள். உலகில் சோம்பல் பெருகியதற்குக் கிக்கர் மறைந்ததே மூலகாரணம் என்ற என் சித்தாந்தத்தை வாசகர்கள் முன்பே அறிவார்கள்.

சுகமும் அதன் பிறவிக் குணமன்று. காற்றைத் தடுக்கும் முகப்பும் சாமான் பெட்டிகளும் இல்லாமல் பிறந்த வண்டிக்கு, வாங்கியவர்களே அவற்றை வெளியில் வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பிற்பாடுதான், 1980-இல் தொழிற்சாலையே அவற்றைப் பொருத்திக் கொடுக்க முன்வந்தது.

ரிவர்ஸ் உண்டு; ஆனால் அது முதலில் வந்தபோது கியர்ப் பெட்டிக்குள் அதற்கென்று ஒரு கியர் இருந்ததாகச் சொல்வது கட்டுக்கதை. 1988-ஆம் வருஷ மாடல், ஆறு சிலிண்டரும் 1520 சி.சி.யுமாகப் பருத்துச் சுமார் 360 கிலோவை எட்டியபோது, அதைக் காலால் உந்திப் பின்னே நகர்த்துவது பீமசேனனுக்கே சாத்தியம் என்றாயிற்று. எனவே, எஞ்சினைக் கிளப்பிவிட்டுச் சும்மா கிடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே, நெம்புகோல் ஒன்றின் உதவியால் மறுபடி வேலைக்கு அழைத்துப் பின்சக்கரத்தை நடை வேகத்தில் பின்னோக்கி உருட்டச் செய்தார்கள். கிக்கரின் பிழைப்பைக் கெடுத்த மோட்டாருக்கு ஓய்வு நேரத்திலும் உத்தியோகம்: இது தெய்வ நீதியன்றி வேறென்ன?

கேள்வி: ரிவர்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் பழைய வண்டியின் கிக்கர் ரிவர்ஸ் அடித்துக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கிக்கர்மீது பழி போடாதீர்கள். இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கக்கூடும். வண்டியை மெக்கானிக்கிடமும் காலை வைத்தியரிடமும் காட்டுங்கள்; மாற்றிக் காட்டிவிட வேண்டாம்.