ஊசிப் படிகமும் உவமை வரம்பும்

எம்மிடம் பாடங் கேட்கும் மாணவரொருவர் கட்டைவிரலளவினதாய படிகமொன்றைக் கொணர்ந்து, அதனகத்தே பொற்கம்பிபோற் கிடந்த ஊசிகளைக் காட்டி, "ஐயா, ஆணவமலம் உயிரின்கண் நிற்குமாற்றிற்கு இஃது உவமையாகுமோ?" என வினவினார். யாம் முதற்கண் அவற்றைக் கீறல்களென்றே மயங்கினேம். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபின் அம்மயக்கம் நீங்கிற்று.

அவ்வூசிகள் ரூட்டைல் என்னுங் கனிமம். படிகம் சிலிக்கனும் உயிர்வளியுங் கூடியது. ஊசியோ டைட்டானியமும் உயிர்வளியுங் கூடியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிற் பிரித்தெடுக்கப்படுங் கனிமங்களுள் இதுவும் ஒன்று. ஆண்டு மணற்பருக்கையாயது ஈண்டு மயிரிழையாய் நீண்டுளது. பிரேசில் நாட்டுப் பாகியா மாநிலத்து நோவோ ஓரிசோந்தேயிற் கிடைப்பன சிலவற்றுள், நடுவே கரிய இரும்புக் கனிமத் தகடொன்று நிற்க, அதனின்று ஊசிகள் ஆறுதிசையாகக் கதிர்த்தோடுங் காட்சி பெரிதும் வியக்கற்பாலது.

இவை படிகத்தைத் துளைத்துப் புகுந்தனவல்ல. ஊசி முன்னர்த் தோன்றி நிற்பச் சிலிக்கா கரைந்த வெந்நீர் அதனைச் சூழ்ந்து படிகமாய் வளர்தலுண்டு, இரண்டும் உடன்வளர்தலுமுண்டு, பெருவெப்பத்திற் படிகத்துட் கலந்திருந்த டைட்டானியம், வெப்பந் தணியுங்கால் நுண்ணிழையாய்ப் பிரிதலுமுண்டு.

இம்மூன்றனுள் எதனைக் கொள்வது? ஊசி முற்பட்டதெனின், உயிர் மலத்திற்குப் பிற்பட்டதாம். உடன்றோன்றிற்றெனின், அநாதியாய இரண்டற்குந் தோற்றங் கூறியவாறாம். பின்னதெனின், மலம் ஆதியுடையதாய் முடியும். மூன்றும் சித்தாந்தத்திற்கு ஆகா.

அற்றேல், செம்பிற் களிம்பும் வளியாற் பின்றோன்றுவதன்றோ எனின், நன்று கடாயினாய். உவமை ஒருபுடை ஒப்புமையே. களிம்பு செம்பின் ஒளியை மறைக்கும். செம்பு அழியாமலே நீங்கும். அவ்விரண்டுமே ஆண்டு வேண்டப்பட்டன. ஊசியோ படிகத்தை எங்கணும் மறையாது. கல்லை உடையாது அதனை வாங்கவும் ஒண்ணாது. மறைத்தலும் நீங்குதலும் இல்வழி உவமை எற்றுக்கு?

பின்னர் அக்கல்லினருகே செம்பரத்தம் பூவொன்றை வைத்தேம். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின்கட் படிகவுவமை பயின்றார்க்கு இது தெரிந்த செய்தியே, கல் சிவந்தது. அகத்திருந்த ஊசி தன்னிறத்தைக் கல்லிற்கு ஏற்றவில்லை. புறத்திருந்த பூவே ஏற்றிற்று. மாணவர் பூவை அகற்றியும் வைத்தும் நெடுநேரம் நோக்கியிருந்தார். சார்ந்ததன் வண்ணமாதலைக் காட்டுதற்கு ஊசியில்லாத தூய படிகமே தக்கதெனக் கூறி, கல்லை அவரிடமே கொடுத்தேம்.