பெரிய விலங்குக்கு எந்தத் தோட்டா?

வடக்கே வளரும் நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஆங்கில நூல்களில் ஜிம் கார்பெட்டின் நூல்களும் கென்னத் ஆண்டர்சனின் நூல்களும் அடங்கும். கார்பெட்டின் குமாவூன் மலைகள் பள்ளிச் சுற்றுலா போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. ஆண்டர்சன் நடந்த காடுகளோ பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று நம் ஊர்ப் பெயர்களாகவே வருகின்றன. இந்நூல்களைப் படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் வகுப்பில் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், ஒரு கதையில் .275 என்கிறார், இன்னொன்றில் .450/400 என்கிறார். பெரிய தோட்டாதான் நல்லது என்றால் எப்போதும் அதையே எடுத்துப் போகலாமே?”

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லன், இயற்பியல் கற்பித்தவன். ஆனால் இந்தக் கேள்வியில் நல்ல இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியமான பாடமும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை பொழுதுபோக்காக இல்லை என்பதை முதலிலேயே நினைவில் கொள்வோம்.

எண்கள் சொல்வது என்ன?

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி உண்டாக்கும் சிறு கேப்பு, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததே தோட்டா. விலங்கைச் சென்று தைப்பது குண்டு மட்டும்தான்.

ஆங்கிலேயர் குழலின் விட்டத்தை அங்குலத்தில் சொன்னார்கள். .375 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு. ஐரோப்பியர் மில்லிமீட்டரில் குறித்து, கூட்டின் நீளத்தையும் சேர்த்தார்கள். 7×57 என்றால் ஏழு மில்லிமீட்டர் குழல், 57 மில்லிமீட்டர் நீளக் கூடு. இதே ஜெர்மானியத் தோட்டாவைத்தான் லண்டன் ரிக்பி கம்பெனி .275 என்று பெயர் மாற்றி விற்றது. அமெரிக்காவின் .30-06இல் பின்னால் வரும் எண் அந்தத் தோட்டா ராணுவத்தில் சேர்ந்த 1906ஆம் ஆண்டைக் குறிக்கும். .450/400 என்பது .450 தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் சுருக்கி .400 குண்டைப் பொருத்தியது. ஆகவே எண் பெரியது என்பதால் மட்டும் பலம் பெரியது என்று முடிவு கட்டக்கூடாது.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். பார்லி தானியமணியிலிருந்து வந்த அளவு இது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ பதினைந்தரை கிரெயின். நம் தட்டார்களின் குன்றிமணி எடையில் சுமார் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடப்பாரைப் பாடம்

பத்தாம் வகுப்புப் பிள்ளை உடனே இயக்க ஆற்றலைக் கணக்கிடும்: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். .275இன் கனத்த குண்டு 11.2 கிராம், நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகம். ஆற்றல் ஏறத்தாழ 2,700 ஜூல். யானை வேட்டைக்குப் பெயர்போன .470இன் குண்டு 32.4 கிராம், வேகம் 655 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 6,900 ஜூல். இரண்டரை மடங்கு!

ஆனால் ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது இந்தச் சிறிய .275ஆல்தான். எப்படி முடிந்தது?

ஊரில் குழி தோண்டக் கடப்பாரையை நிறுத்திப் போட்டால் மண்ணில் இறங்கும். அதே எடையுள்ள இரும்பு உருண்டையை அதே உயரத்திலிருந்து போட்டால் பள்ளம் விழுமே தவிர உள்ளே இறங்காது. எடை ஒன்றுதான், அந்த எடை எவ்வளவு பரப்பின் மேல் அழுத்துகிறது என்பதே வேறுபாடு. குண்டுக்கும் இதே கதைதான். அதன் எடையைக் கிராமில் எடுத்து, விட்டத்தைச் சென்டிமீட்டரில் வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள்.

பெல்லின் .275 குண்டு: 21.5.
.375 குண்டு: 21.4.
.470 குண்டு: 22.3.
ஆண்டர்சனின் .405 குண்டு: 17.8.

என்ன தெரிகிறது? பெல்லின் மெல்லிய நீளக் குண்டு, ஊடுருவும் தகுதியில் பெரிய குண்டுகளுக்குச் சமமாகவே நிற்கிறது. .375க்கும் .405க்கும் குண்டின் எடை ஒன்றே, 19.4 கிராம். ஆனால் .405 அகலம் கூடியது, வேகமும் குறைந்தது. ஆகையால் அத்தனை ஆழம் போகாது. சிறுத்தைக்கும் புலிக்கும் அது போதும். அவற்றுக்குத் தோல் மெல்லியது, உடலும் யானையைப் போல் அகன்றதன்று. யானையின் மண்டையோட்டில் தேன்கூடு போன்ற எலும்பைத் துளைத்து மூளையை எட்ட வேண்டுமென்றால் கணக்கே வேறு.

பெல்லின் வெற்றிக்குக் குண்டு பாதிக் காரணம்தான். அவர் யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூளை எங்கே இருக்கும் என்று பாடமாகப் படித்தவர். அந்தப் படிப்பும் நிதானமும் எல்லார்க்கும் வாய்க்காது. புதரிலிருந்து பாய்ந்து வரும் யானை நின்று காட்டிக்கொண்டும் இராது. அதனால்தான் வேட்டைக்கு அனுமதி உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், ஆபத்தான விலங்குக்கு .375 அல்லது அதையொத்த தோட்டாவுக்குக் குறையக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 1912இல் வந்த அந்தத் தோட்டா இன்றும் நடுநிலையான தேர்வாகவே கருதப்படுகிறது.

விரியும் குண்டு, விரியாத குண்டு

ஒரே தோட்டாவில் இரண்டு வகைக் குண்டுகள் கிடைக்கும். ஒன்று, ஈயத்தின் மேல் மூக்கு வரை உலோக உறை மூடியது. அது விரியாமல் நேரே ஆழமாகப் போகும், யானைக்கு உரியது. மற்றொன்று, மூக்கில் ஈயம் வெளியே தெரிவது. அது உடலில் பட்டதும் காளான் போல் விரிந்து, அகன்ற காயம் செய்து, ஆற்றலை அங்கேயே இறக்கிவிடும். மானுக்கும் புலிக்கும் உரியது. மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். மானின் உடலில் உறைக்குண்டு ஊசி போல் நுழைந்து வெளியேறும். மான் பல மைல் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். யானையின் தலையில் விரியும் குண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இந்த விரியும் குண்டின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கல்கத்தா வாசகர்கள் விமானம் ஏறும் டம்டம் பகுதியில் இருந்த ஆயுதச்சாலையில் 1890களில் இத்தகைய ராணுவக் குண்டுகள் செய்யப்பட்டன. போரில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாதென்று 1899இல் ஹேக் நகர மாநாட்டில் அறிவிப்பு வெளியாயிற்று. போரில் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே குண்டு, மான் வேட்டையில் விலங்கு துடிக்காமல் சாவதற்காக விரும்பித் தேர்ந்தெடுக்கப்படுகிறது!

வெயிலும் சட்டமும்

இந்தியாவுக்கென்று தோட்டா தேர்ந்தவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்து ஆங்கிலேய வெடிமருந்தான கார்டைட், சூடேறினால் வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். லண்டன் குளிரில் சரியாக வேலை செய்யும் தோட்டா, மே மாதத் தராய் வெயிலில் கிடந்தபின் சுட்டால், கூடு உப்பிக் குழலில் ஒட்டிக்கொள்ளக்கூடும். எதிரே புலி நிற்கையில் அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாமல் போவதை எண்ணிப் பாருங்கள். எனவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்தார்கள். கூட்டையும் பருமனாக்கி அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். .450/400, .470 ஆகியவற்றின் கூடுகள் அவ்வளவு பெரியனவாக இருப்பதன் காரணம் இதுவே.

சட்டமும் குறுக்கிட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் .450 அளவே. கிளர்ச்சிக்காரர் கையில் குண்டு சேர்ந்துவிடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, 1907 வாக்கில் அந்த அளவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .476 என்று சற்றே மாறுபட்ட அளவுகளைக் கொண்டுவந்தன.

தோள் தாங்குமா?

பெரிய தோட்டாவையே ஏன் எப்போதும் எடுக்கவில்லை என்ற பிள்ளைகளின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். முன்னே போகும் குண்டுக்குச் சமமான உந்தம் பின்னே தோளுக்கு வரும். நியூட்டனின் மூன்றாம் விதி. உதைக்குப் பயப்படுகிறவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடி உடலைச் சுருக்குவார், குறி தவறும். உதையைக் குறைக்கத் துப்பாக்கியைக் கனமாகச் செய்தால் மலை ஏறுவது யார்?

கார்பெட் 1930இல் சௌகர் புலியைச் சுட்டபோது அவருடைய இடக்கையில் பறவை முட்டைகள் இரண்டு இருந்தன. வலக்கை ஒன்றாலேயே .275ஐ மெல்லத் திருப்பிச் சுட்டார். கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்திருந்தால் அது நடக்கக்கூடிய காரியமா? .450/400ஐ அவர் வைத்திருக்கவில்லை என்றில்லை. 1938இல் தாக் புலியை வீழ்த்தியது அதனால்தான். வேலைக்கேற்ற கருவி என்பது இதுதான்.

ஆக, தோட்டாவைத் தேர்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்த விலங்கு? குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும்? எந்த நிலத்தில், எத்தனை தூரத்தில்? என் தோள் தாங்குமா? பெட்டியின் மேல் அச்சிட்ட எண் இவற்றுக்குப் பிறகுதான்.

தவறினால் யாருக்குக் கேடு?

முக்கியமான பாடம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். 1907இல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயை அவர் சோதித்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதியளவில், கீழ்ப்பல் எலும்பு வரை. யாரோ எப்போதோ சுட்ட காயம். இரையைப் பிடிக்க இயலாமல் போனதால்தான் அது மனிதரைப் பிடிக்கத் தொடங்கிற்று என்று அவர் எழுதுகிறார். சுட்டவர் காயத்தோடு விட்டுவிட்டுப் போனார். விலை கொடுத்தவர்கள் விறகும் புல்லும் சேர்க்கப் போன மலையூர்ப் பெண்கள்.

இன்றும் மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைச் சுட, மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பயிரை அழித்த நீலகாய்களை 2016இல் பீகாரில் அரசு அனுமதியோடு சுட்டார்கள். அத்தகைய வேளையில் தேர்ச்சியற்றவரையும் பொருந்தாத தோட்டாவையும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பாவத் ஒரு சான்று. கதை படிக்கும் பிள்ளைகள் எத்தனை புலி என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எத்தனை காயம் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

வீட்டுக் கணக்கு

பிள்ளைகளே, .275இலேயே 9.07 கிராம் எடையுள்ள இலேசான குண்டும் உண்டு. குண்டின் விட்டம் 0.721 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 17.4 வர வேண்டும். பெல்லின் குண்டுக்கு வந்தது 21.5. பெட்டியின் மேல் ஒரே பெயர். ஒன்று மானுக்கு, மற்றொன்று யானைக்கு. ஏன் என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.