யார் சொல்வதைக் கேட்பது?

வானத்தில் சாலைக் கோடுகளோ சமிக்ஞை விளக்குகளோ இல்லை. ஆயினும், நாள்தோறும் ஆயிரக்கணக்கான விமானங்கள் பாதுகாப்பாகப் பறக்கின்றன. தரையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ராடார் திரையைக் கண்காணித்து, பறக்க வேண்டிய உயரத்தையும் திசையையும் விமானிகளுக்கு வானொலி வழியாகத் தெரிவிக்கின்றனர்.

அதையும் மீறி இரு விமானங்கள் நெருங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே பெரிய பயணிகள் விமானங்களில் ‘டிகாஸ்’ எனும் மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அது வானொலி அலைகளின் மூலம் அருகிலுள்ள விமானங்களின் தொலைவையும் உயரத்தையும் கணிக்கிறது. ஆபத்து நெருங்கினால் முதலில் எச்சரிக்கிறது. பின்னர், இரு விமானங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, ஒன்றை மேலே ஏறும்படியும் மற்றொன்றைக் கீழே இறங்கும்படியும் பணிக்கின்றன.

அதிகாரி ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொன்னால் விமானி யார் சொல்வதைக் கேட்பது? இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லாததால் ஒரு பெரும் விபத்து நேர்ந்தது.

2002 ஜூலை 1ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் ஒரே உயரத்தில் நெருங்கிக்கொண்டிருந்தன. அப்பகுதிக்குப் பொறுப்பான சூரிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் அப்போது ஒரே ஓர் அதிகாரி இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணியால் முதன்மைத் தொலைபேசி இணைப்பும் செயல்படவில்லை. ஆபத்தைத் தாமதமாக உணர்ந்த அவர், பயணிகள் விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் அவ்விமானத்தின் டிகாஸ், “மேலே ஏறு” என்றது. சரக்கு விமானத்தின் டிகாஸோ, “கீழே இறங்கு” என்றது. கருவிகளின் கட்டளை அதிகாரியின் திரையில் தெரியவில்லை. ஒரு விமானம் அதிகாரியின் சொல்லைக் கேட்டு இறங்கியது. மற்றொன்று கருவியின் சொல்லைக் கேட்டு இறங்கியது. இரண்டும் மோதின. 71 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள்.

அக்கால விதிமுறைகள் முழுமையாக இல்லை என்றும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்றும் விசாரணை கண்டறிந்தது. 2003ஆம் ஆண்டில் அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு விதியைத் திருத்தியது. இரு கட்டளைகளும் முரண்பட்டால், விமானி டிகாஸ் சொல்வதையே பின்பற்ற வேண்டும். அதை விமானி தெரிவித்தவுடன், ஆபத்து நீங்கும்வரை அதிகாரி மாற்றுக் கட்டளை இடக்கூடாது.

கருவி மனிதரைவிட அறிவுமிக்கது என்பதால் இவ்விதி பிறக்கவில்லை. எதிரே வரும் விமானத்துக்கு என்ன கட்டளை கிடைத்துள்ளது என்பதை அந்த விநாடியில் அறிந்திருப்பது கருவியே. ஆபத்து நேரத்தில் யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைப்பதில்லை. யார் சொல்வதைக் கேட்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதே உயிர்களைக் காக்கும்.