பட்டனை அழுத்தினேன், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது

லேபில் ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகலைனா லேப் அசிஸ்டன்ட்டைக் கூப்பிடுவோம், இல்லைனா பக்கத்து சீட்டுக்கு மாறிடுவோம். வீட்டில் நாமே மாட்டின கம்ப்யூட்டர் ஆன் ஆகலைனா என்ன பண்றது? எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, ப்ராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். கேபினெட் மட்டும் பழையது. மங்கலம்பேட்டை வந்து ராத்திரியே மாட்டி பட்டனை அழுத்தினால், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுநாள் தெரிந்த ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு தம்பி" என்றார்கள். போர்டை மாற்ற மறுபடியும் சென்னை போகணும், ஒரு நாள் போய்விடும். போர்டு நல்லா இருந்து வேறெங்கோ கோளாறு என்றால் அலைச்சல் மொத்தமும் வீண். அதனால் நானே முறையாகத் தேடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில், ஆன் ஆகும்போது உள்ளே நடப்பது என்ன?

பிளக்கில் கரண்ட் வந்ததுமே, பட்டனை அழுத்தாமலே, எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சப்ளையை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் (ஊதா வயர்). பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை வயரை கிரவுண்டுக்கு இழுக்கும். "முழுசா ஆன் ஆகு" என்பதற்கு அதுதான் சிக்னல். 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் சரியான அளவுக்கு வந்ததும், எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயரில் "பவர் குட்" சிக்னல் அனுப்பும். அதற்கு அரை நொடிகூட ஆகாது. அதன் பிறகுதான் ப்ராசஸர் ரீசெட்டிலிருந்து வெளியே வந்து பயாஸ் புரோகிராமை ஓட்டும். பயாஸ் ரேமைப் பார்க்கும், கிராஃபிக்ஸைப் பார்க்கும், கடைசியில் திரையில் படம் வரும்.

இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி வரை வந்து நிற்கிறது என்று தெரிந்தால், பாதி பாகங்கள் சந்தேகப் பட்டியலில் இருந்து போய்விடும்.

மூன்று வகை அறிகுறி

1. எதுவுமே அசையவில்லை: அதே பிளக்கில் டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கும் சுவிட்ச், 24 பின் கனெக்டர், முன் பேனல் பட்டனின் குட்டி வயர் சரியான பின்னில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம்ம ஊருக்கு 230தான். 115இல் வைத்துப் போட்டால் வெடித்துவிடும்.

2. ஆன் ஆகி உடனே நிற்கிறது: பெரும்பாலும் எங்கேயோ ஷார்ட். நாலு நொடி கழித்து நின்றால், பவர் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் ஆஃப் ஆகும் இல்லையா, அதே கணக்கு.

3. ஃபேன் ஓடுது, படம் இல்லை: ப்ராசஸருக்குத் தனியாகப் போகும் 4 பின் அல்லது 8 பின் வயரைப் போட மறந்திருப்போம். ரேம் 'கிளிக்' சத்தம் வரும் வரை உட்கார்ந்திருக்காது. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிளை போர்டில் சொருகியிருப்போம். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் தடவை சில நிமிஷம்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க.

என்னுடையது இரண்டாவது வகை.

பியூஸ் மேல கோபப்படாதீங்க

பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். பழைய வீடுகளில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர் எல்லாருக்கும் தெரியும். பியூஸ் போனால், கோளாறு பியூஸில் இல்லை, லைனில் எங்கேயோ இருக்கு. எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படித்தான். ஷார்ட் தெரிந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி முயற்சி பண்ணும். ஃபேன் அரைச் சுற்று சுற்றினதே எஸ்எம்பிஎஸ் ஓரளவு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

நான் செய்த வரிசை

ஒன்று: எஸ்எம்பிஎஸ் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சையையும் ஒரு கறுப்பையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பிறகு கரண்ட் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஓடியது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்கணும். இருந்தது. ஆனால் இது லோடு இல்லாத டெஸ்ட், முழு சர்டிபிகேட் இல்லை.

இரண்டு: ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி, கேபினெட் ஃபேன் எல்லாவற்றையும் கழற்றினேன். போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம். அதே அரைச் சுற்று. அப்படியானால் கழற்றினவை மேல் சந்தேகம் இல்லை.

மூன்று: போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்தேன். பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் நிற்காமல் ஓடியது. மானிட்டரில் பயாஸ் திரை!

இப்போ யோசிங்க. அதே போர்டு, அதே ரேம், அதே எஸ்எம்பிஎஸ். மாறினது ஒன்றே ஒன்று, கேபினெட். டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய போர்டுக்காகப் போட்டிருந்த ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் அப்படியே இருந்தது. புது போர்டில் அந்த இடத்தில் துளையே இல்லை. ஸ்டாண்டாஃப் போர்டின் அடிப்பக்க சால்டர் புள்ளிகளில் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு மாட்டினேன், ஆன் ஆகிவிட்டது. செலவு பூஜ்யம்.

மறக்கக் கூடாதவை

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் சுமார் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் அது தேங்கி நிற்கலாம்.

எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்பும் பிளக்கைப் பிடுங்குங்க, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கோங்க.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றி சரியாகிவிட்டால், எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

மாட்டுவதற்கு முன்பு போர்டின் துளைகளையும் ஸ்டாண்டாஃப்களையும் எண்ணிப் பாருங்க. நான் எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்க. பதில் வராவிட்டால் அட்டைப் பெட்டியைத் தேடுங்க.