கடை முன் விறாந்தைக்கு எந்தச் சட்டம்?

மரமா, இரும்பா, கொங்கிரீட்டா? கடைக்கு முன்னால் விறாந்தை இறக்க நினைக்கும் வியாபாரச் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் பொறியியலாளர் அல்ல. அன்புவழிபுரத்தில் எனது கடைக்கு இரண்டு தடவை விறாந்தை போட்டவன். முதல் தடவை பிழைத்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது மலிவைப் பார்த்து மெல்லிய பொக்ஸ் பார் வாங்கி, வெல்டிங் செய்து, தகடு அடித்தேன். நாலாம் வருடமே ஒட்டிய இடமெல்லாம் துரு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது மூன்று தகடுகள் கழன்று பக்கத்து வளவில் விழுந்தன. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அங்கே ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

நான் படித்த பாடங்கள் இவை:

1. இரும்பு: வெல்டிங் சூட்டில் ஜி.ஐ. இரும்பின் நாகப்பூச்சு எரிந்துவிடும். கடற்காற்றின் உப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். அதைச் சுரண்டி, நாகம் கலந்த பெயின்ட் பூச வேண்டும். குழாய்களின் திறந்த வாயையும் மூட வேண்டும்.

2. மரம்: பாலையும் முதிரையும் உப்புக்கு அசையாது. விலைதான் அதிகம். அனுமதிப்பத்திரம் உள்ள மரமா என்று கேட்டு வாங்குங்கள். கறையான் ஏறாதிருக்கத் தூணை மண்ணில் புதைக்காமல் கொங்கிரீட் கட்டையின் மேல் நிறுத்துங்கள்.

3. கொங்கிரீட்: காற்றுக்கு அசையாது. ஆனால் கம்பிக்கு மேல் போதிய கனம் இல்லாவிட்டால் உப்பு உள்ளே இறங்கி வெடித்துவிடும். வீதி அகலித்தால் கழற்றவும் முடியாது, உடைக்கத்தான் வேண்டும்.

எதைத் தெரிந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். திறந்த விறாந்தையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும். பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, பிடித்தும் வைக்க வேண்டும். ஆகவே தகட்டுக்கு ஆணி அல்ல, ரப்பர் வொஷருடன் திருகாணி. ஓரங்களில் நெருக்கமாகப் பூட்ட வேண்டும். தூணின் அடியும் அத்திவாரத்தோடு போல்ட்டால் இறுக வேண்டும்.

இரண்டாம் தடவை நான் தடித்த ஜி.ஐ. இரும்பை எடுத்து, மூட்டுகளை ஒட்டாமல் நாகம் பூசிய போல்ட்டால் பூட்டினேன். பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம். செலவு கூடத்தான். ஆனால் விறாந்தையின் விலையை வாங்கும் நாளில் கணக்கிடக்கூடாது, பத்து மாரிக்குப் பிறகு கணக்கிட வேண்டும். வேலை தொடங்குமுன் உள்ளூராட்சி மன்ற அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.