கிரிம்பரைக் கையில் கொடுத்து ஒரு இன்டர்வியூ: லோ வோல்டேஜ் கேபிளிங் பாடம்



கொமரலிங்கம், மடத்துக்குளம், உடுமலை பக்கம் இருந்து வர்ற நமக்கு திருப்பூர்னா பனியன் கம்பெனிதான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனிக்குள்ளே போய் ஒரு தடவை மேலே அண்ணாந்து பாருங்க. சிசிடிவி கேமரா, வைஃபை பெட்டி, கைரேகை வைக்கும் மெஷின், தையல் லைனில் எத்தனை பீஸ் முடிஞ்சதுன்னு பதியும் திரை என்று எல்லாத்துக்கும் ஒரு கேபிள் ஓடுது. அந்தக் கேபிளை இழுத்து, முனை கட்டி, டெஸ்ட் பண்ணிக் கொடுப்பவர்தான் லோ வோல்டேஜ் கேபிளிங் டெக்னீஷியன். கிராமப் பக்கமும் இந்த வேலை வருது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கு.

ஆனா ஆள் எடுக்கும்போது பல இடங்களில் நடப்பது வெறும் பேச்சு. "ஓஎஸ்ஐ லேயர் எத்தனை?"ன்னு கேட்டு, ஆங்கிலத்தில் பதில் சொன்னவரை எடுத்துக்குவாங்க. ஐடிஐயில் 2 வருஷம் எலக்ட்ரீசியனோ வயர்மேனோ படிச்சு, கை நல்லா பழகின பையன் பேச்சில் தடுமாறி வீட்டுக்குப் போயிடுவான். இழப்பு அவனுக்கு மட்டும் இல்லை, கம்பெனிக்கும்தான். அதனால் செய்முறை இன்டர்வியூவை எப்படி நடத்தணும், அதுக்கு எப்படித் தயாராகணும்னு பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம்ம ட்ரிபிள் ஈ பாடத்தில் லோ வோல்டேஜ்னா 1000 வோல்ட் ஏசி வரை. ஐஇசி கணக்கு அது. அமெரிக்க வழக்கத்தில் லோ வோல்டேஜ் கேபிளிங்னா டேட்டா, கேமரா, ஃபயர் அலாரம் மாதிரி சுமார் 50 வோல்ட் மட்டத்து வேலை. நம்ம ஊர் சைட்டில் இதையே இஎல்வி, அதாவது எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்னு சொல்வாங்க. விளம்பரத்தில் எது போட்டிருந்தாலும் "230 வோல்ட் வேலையும் உண்டா?"ன்னு கேட்டுத் தெளிவாக்கிக்குங்க.

டெஸ்ட் 1: கேபிளைப் பார்த்துச் சொல்

மேஜையில் இரண்டு துண்டு கேட் 6 கேபிள் வைங்க. ஒன்று சுத்தத் தாமிரம், இன்னொன்று தாமிரம் பூசிய அலுமினியம், அதாவது சிசிஏ. கத்தியால் கம்பியைச் சுரண்டினா தெரிஞ்சுடும், உள்ளே வெள்ளி நிறம் வந்தா அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை எண் தாமிரத்தைவிட சுமார் 1.6 மடங்கு. ஒரே கேபிளில் டேட்டாவும் கரண்டும் போகும் பிஓஇ கேமராவுக்கு இதைப் போட்டா கம்பி சூடாகும், தூரத்தில் இருக்கும் கேமராவுக்கு வோல்டேஜ் குறையும். 2003இல் வந்த பிஓஇ தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை போயிருச்சு. வாட் ஏற ஏற மட்டமான கேபிளின் ஆபத்தும் ஏறும். பஞ்சுத் தூசி பறக்கும் நிட்டிங் கூடத்தில் சூடாகும் கம்பி என்ன செய்யும்னு சொல்லத் தேவையில்லை.

டெஸ்ட் 2: ஒரு பேட்ச் கார்டு

டி568பி வரிசையில் இரண்டு முனையும் கட்டச் சொல்லுங்க: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இன்டர்வியூ எடுப்பவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்க. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கிறானா? வெளி உறை கனெக்டருக்குள் போய் பிடிபட்டிருக்கா? உறை உரிக்கும்போது உள் கம்பியில் வெட்டு விழுந்ததா? கட்டி முடிச்சதும் தானாகவே டெஸ்டரை எடுக்கிறானா? முதல் தடவை தப்பாகி, தானே கண்டுபிடிச்சு வெட்டிட்டு மறுபடி கட்டுபவருக்கு நல்ல மதிப்பெண் கொடுங்க. சைட்டில் நமக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்.

டெஸ்ட் 3: ஒளிஞ்சிருக்கும் பழுது

இதுதான் இந்த இன்டர்வியூவின் உயிர். மூன்று பழுதான கேபிள் கொடுங்க. ஒன்றில் கம்பி அறுந்திருக்கும், இன்னொன்றில் இரண்டு கம்பி இடம் மாறியிருக்கும். எல்இடி டெஸ்டரே இந்த இரண்டையும் காட்டிக் கொடுத்துடும். மூன்றாவதில் ஆரஞ்சு ஜோடி 1-2, பச்சை 3-4, நீலம் 5-6, பிரவுன் 7-8 என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கட்டி வைங்க. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு அழகா வரிசையா எரியும். ஆனா கேபிள் தப்பு!

ஏன்? ஈதர்நெட்டில் 3-ம் 6-ம் ஒரு ஜோடி. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் எதிரெதிர் சிக்னல் போகுது. இரண்டும் சேர்ந்து முறுக்கியிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமா ஏறும். மறுமுனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் அது கழிஞ்சு போகும். இங்கே 3 பச்சை ஜோடியிலும், 6 நீல ஜோடியிலும் போயிருச்சு. முறுக்கு இருக்கு, பலன் இல்லை. இதுக்குப் பேர் ஸ்பிளிட் பேர். குறைந்த வேகத்தில் ஓடுற மாதிரி தெரியும், வேகம் கூடினா பாக்கெட் தொலையும். நிட்டிங் மெஷினின் விஎஃப்டி டிரைவ் பக்கத்தில் இருந்தா இன்னும் மோசம். டிஃபரன்ஷியல் சிக்னல்னு செமஸ்டரில் எழுதுறோமே, அது இங்கே ஒரு தையல் லைனை நிறுத்தி வைக்குது.

கண்டுபிடிக்க கனெக்டரை உத்துப் பார்த்து நிற வரிசையைப் படிக்கணும், இல்லைன்னா கிராஸ்டாக் அளக்கும் கருவி வேணும். விளக்கு எரிஞ்சதும் "ஓகே சார்"னு வைக்காம கனெக்டரைத் திருப்பிப் பார்க்கிறவரை விட்டுடாதீங்க.

டெஸ்ட் 4: ஒரு கணக்கு

ஒரு பெட்டியில் 305 மீட்டர் கேபிள். 9 பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் 65 மீட்டர். எத்தனை பெட்டி? 585 மீட்டர்தானே, 2 போதும்னு தோணும். ஒரு பெட்டியில் 65 மீட்டர் துண்டு 4 தான் வரும், மீதி 45 மீட்டர். இரண்டு பெட்டியில் 8 பாயிண்ட் முடியும். 45-ஐயும் 45-ஐயும் நடுவில் ஒட்டுப் போட்டு இழுக்கக் கூடாது. ஆக 3 பெட்டி. கூடவே இன்னொரு கேள்வி: அதிகபட்ச தூரம் எவ்வளவு? பேட்ச் பேனலில் இருந்து சுவர் பாக்ஸ் வரை 90 மீட்டர், இரு பக்கப் பேட்ச் கார்டும் சேர்த்து 10, மொத்தம் 100.

டெஸ்ட் 5: ஏணி

ஏணியை எங்கே ஊன்றுகிறார், யாரைப் பிடிச்சுக்கச் சொல்றார், பவர் கேபிள் ஓடும் ட்ரேயைத் தொடும் முன் சப்ளை இருக்கான்னு கேட்கிறாரா என்று பாருங்க. இதில் அலட்சியம் காட்டினா மற்ற நாலிலும் நூறு வாங்கியிருந்தாலும் உடனே தனியா சைட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

நடத்தும் முறை

எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், ஒரே மதிப்பெண் தாள், நடுவில் அதட்டல் இல்லாம. வேலை முடிஞ்ச பிறகு "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"ன்னு கேளுங்க. பதில் நம்ம கொங்குத் தமிழில் வந்தாலும் பதில்தான். சர்வதேச அளவில் பிக்ஸி அமைப்பின் டெக்னீஷியன் சான்றிதழிலும் செய்முறைத் தேர்வு இருக்கு. வேர்ல்ட் ஸ்கில்ஸ் போட்டியில் நெட்வொர்க் கேபிளிங்குக்குத் தனிப் பிரிவே உண்டு.

ஒரு எச்சரிக்கை. ட்ரையல்னு சொல்லி ஒரு நாள் முழுக்க கஸ்டமர் சைட்டில் சும்மா வேலை வாங்குவது இன்டர்வியூ ஆகாது. ஸ்கிராப் கேபிளில், ஒரு மணி நேரத்துக்குள் மேலே சொன்ன அத்தனையும் பார்த்துடலாம். முழு நாள் வேலைன்னா முழு நாள் கூலி. தம்பிகளே, அதைத் தயங்காம கேளுங்க.

சேர்ந்த பிறகு பயிற்சி

முதல் வாரம் மேஜையில்: கனெக்டர், கீஸ்டோன் ஜாக், பேட்ச் பேனல். இரண்டாம் வாரம் பைப், ஸ்பிரிங், ட்ரே. சுமார் 11 கிலோ விசைக்கு மேல் இழுக்கக் கூடாது, கேபிள் விட்டத்தின் 4 மடங்கைவிடக் குறுகலா வளைக்கக் கூடாது. மூன்றாம் வாரம் லேபிள், வரைபடம், டெஸ்ட் ரிப்போர்ட். நான்காம் வாரம் சீனியர் அண்ணனோடு சைட்: டையிங் யூனிட் நீராவி, செக்கிங் டேபிள் மேலே பஞ்சு, ட்ரேக்குள் எலி. எந்தப் புத்தகத்திலும் இது முழுசா கிடைக்காது.

ஹாஸ்டலில் செய்து பாருங்க

நாலு பேர் சேர்ந்து ஒரு கிரிம்பர், ஒரு டெஸ்டர், கொஞ்சம் கனெக்டர் வாங்குங்க. கேபிளுக்கு லேப் அண்ணாவிடம் கழிவுத் துண்டு கேளுங்க. ஒருத்தர் வேணும்னே ஒரு பழுது கட்டி வைக்கணும், மத்த மூணு பேரும் அதைக் கண்டுபிடிக்கணும். ஸ்பிளிட் பேரை டெஸ்டர் இல்லாம, கண்ணால் பார்த்தே பிடிக்கிற அளவுக்கு வந்துட்டீங்கன்னா இன்டர்வியூவுக்குத் தைரியமா கிளம்பலாம்.