வலையில் தவறி வீழும் உயிர்களைக் கணக்கிடுதல்

எம்மூராகிய சங்கரன்கோவில் கடலுக்குத் தொலைவில் உள்ளது. கரிசல் நிலமும் தறியின் ஓசையுமே எமக்குப் பழகியவை. எனினும் கடல்மீன் பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் எம்மூர்ச் சந்தைக்கும் வந்து சேர்கின்றது. அம்மீனோடு வலையில் வேறு யாது அகப்பட்டது என்று வாங்குவோர் எவரும் வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காணும் முறையினை இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோம்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்பசு வாழ்கின்றது. மீனவர் இதனை ஆவுளியா என்பர். கடற்புல்லை மேய்ந்து, நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கும் பிராணி இது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை முதலிய கடலாமைகளும் நுரையீரலால் மூச்சு விடுவனவே. ஆதலின் வலையுட் சிக்கி மேலே வர இயலாதவிடத்து இவை மூச்சுத்திணறி இறக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடித்தலைத் தடுத்துள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை அடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-இலும், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பசுக் காப்பகம் 2022-இலும் ஏற்பட்டன. இவ்வளவும் இருக்க, 2025 சனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மீனவர் இவற்றை நாடி வலை வீசுவதில்லை. வலை கிழிதலால் நட்டம் அவர்க்கே. இது விரும்பாது நேரும் கேடு என்க.

எத்துணை இறப்பை ஓரினம் தாங்கும்? 1994-இல் திருத்தப்பெற்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இதற்கு எளியதொரு வாய்பாடு வழங்குகின்றது. இருக்கும் பிராணிகளின் குறைந்த அளவுத் தொகையை, அவ்வினம் ஆண்டுதோறும் பெருகக்கூடிய உச்ச விகிதத்தின் பாதியால் பெருக்கி, அதனை எச்சரிக்கைக் காரணி ஒன்றால் மீண்டும் பெருக்குக. உதாரணமாக, ஓரிடத்தில் 200 கடற்பசுக்கள் உள்ளன எனக் கொள்வோம். பெருக்க விகிதம் நூற்றுக்கு 4; அதிற் பாதி 2. எனவே 4 கிடைக்கும். அருகி வரும் இனத்திற்குக் காரணி பத்தில் ஒன்று. ஆகவே விடை 0.4; அஃதாவது ஐந்தாண்டிற்கு இரண்டே. பெண் கடற்பசு ஈனுங்கால் ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றிற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் ஆண்டிற்கு ஒன்று இறந்ததா, மூன்று இறந்தனவா என்னும் சிறு வேறுபாடும் அவ்வினத்தின் வாழ்வையும் அழிவையும் தீர்மானிக்க வல்லது.

இனி, எண்ணும் முறை யாது? 1947-இல் தோன்றி, பின்னர்க் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரைசேரும் மீனின் தொகையை மாதிரி முறையால் மதிப்பிடுகின்றது. துறைகளையும் நாட்களையும் படகுகளையும் குறிப்பிட்ட விதிப்படி தெரிந்தெடுத்து, அவற்றிற் கண்டதைக்கொண்டு முழுமையைக் கணிப்பர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. மீனுக்கு அஃது ஓரளவு பொருந்தும். ஆனால் ஆமையும் ஆவுளியாவும் சோற்றிற் கிடக்கும் கல்லைப் போன்றன. ஒரு பருக்கையைத் தொட்டு, கல் இல்லை என்று துணியலாமோ?

இங்கே மூன்று இடர்கள் தோன்றுகின்றன. முதலாவது, அருமை. 100 கடற்பயணங்களை நோக்கி ஓர் ஆமையும் அகப்படவில்லை எனின், இழப்பு இல்லை என்று எழுதிவிடல் தவறு. மூன்றைப் பயணத் தொகையால் வகுத்தால் வருவதே நூற்றுக்கு 95 பங்கு உறுதியோடு கூறத்தக்க மேல் வரம்பு. நூறு பயணத்திற்கு மூன்று வரை இருத்தல் கூடும். மொத்தப் பயணங்கள் 10,000 எனின் 300 வரை இருத்தல் கூடும். காணாமை வேறு, இல்லாமை வேறு என்பதை மாணவர் மனத்துட் கொள்க.

இரண்டாவது, இடம். இறந்த பிராணியைக் கடலிலேயே எறிந்துவிடின் துறையில் நின்று எண்ணுபவர் அதனைக் காணார். கரையொதுங்கும் உடல்களோ இறந்தவற்றில் ஒரு பகுதியே. காற்றும் நீரோட்டமும் எஞ்சியவற்றை வேறிடம் கொண்டு செல்லும். ஆதலின் படகிலேயே கண்காணிப்பாளர் செல்லுதலும், படக்கருவி பொருத்துதலும் பிற நாடுகளிற் கையாளப்படுகின்றன. எனினும் பார்ப்பவர் உடனிருக்கும் நாளிற் படகின் ஒழுக்கம் மாறுவதும் உண்டு.

மூன்றாவது, அச்சம். தண்டனைக்கு அஞ்சுவோன் உண்மை உரையான். உரையாவிடின் கணக்குப் பொய்க்கும். சிக்கிய கடற்பசுவை வலையறுத்து விடுவித்த மீனவர்க்கு வெகுமதி அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருத்தல் இதனால் மிகப் போற்றத்தக்கது.

இக்கணக்கில் மீனவரின் பிழைப்பும் அடங்கியுள்ளது. இழுவலையில் ஆமை விலக்கி இல்லாமையால், இந்தியக் கடலிற் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் ஏற்க மறுத்தது. கடல்வாழ் பாலூட்டிகளின் இறப்பைக் கணக்கிட்டுக் குறைக்காத மீன்பிடிப்பின் பொருளைத் தடுக்கும் விதி, 2016-இல் அங்கு வகுக்கப்பெற்று, 2026 சனவரி 1 முதல் செயற்படலாயிற்று. கணக்கில்லாதவிடத்துக் குற்றமற்றவனும் தன் குற்றமின்மையை நிறுவ இயலாது.

ஆதலின் கணிதமும் விலங்கியலும் பயிலும் நம் மாணவர், விடுமுறையில் ஒரு நாளேனும் மீன்பிடித் துறைக்குச் சென்று மீனவரோடு உரையாடுவாராக. எத்தனை என்று வினவுமுன் அவர்தம் நம்பிக்கையைப் பெறுக. வகுப்பறையிற் கற்ற பெருக்கல் அங்கே பயன்படும். ஆனால் பெருக்கப்படும் முதல் எண்ணைத் தரவல்லவர் மீனவரே.